தேன்மொழியின் கிரேனும் ஏழு ரைஸ் குக்கர்களும்

கெலாங் பாத்தா,
ஞாயிறு, பசியாறிய பின்

அன்புத் தம்பி கமலநாதனுக்கு,

அண்ணன் சபாபதி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, மகள் தேன்மொழி மூவரும் சௌக்கியம். பெக்கோக்கில் நீயும் உன் வீட்டாரும், புதிதாக லாயர் ஆகியிருக்கும் உன் மகள் ஷர்மினியும் அப்படியே இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் போனைத் தேன்மொழி பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டாள். அவள் செய்தது நியாயம்தான்.

பத்து வருஷமாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள், இப்போது புது ஆட்களுக்குக் கிரேன் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் ஆகிவிட்டாள். கோயில் திருவிழாவில் அவளுக்கு மாலை போடுவதாகக் கமிட்டி சொன்னது. நம் குடும்பத்தில் நல்லது எது நடந்தாலும் பேனர் அடிப்பது மூத்தவன் பொறுப்பு இல்லையா? பத்தடிக்கு நாலடி சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் அடித்து அசத்த ஆசை. வீட்டில் இருக்கும் படமெல்லாம் விசேஷத்தில் சேலையோடு எடுத்தது, ஹெல்மெட்டோடு ஒன்றுகூட இல்லை. சரி, உலகத்தில் இல்லாத படமா என்று போனில் தேடினேன்.

கிரேன் ஓட்டுநர் என்று தேடினால் ஒரு வெள்ளைக்காரர், அடுத்து ஒரு வெள்ளைக்காரர், இப்படியே முப்பது பேர். 'பெண்' என்று சேர்த்தேன். கூந்தலை விரித்துப் போட்டு, கிரேனைத் தொடக்கூடத் தொடாமல் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள் ஒரு வெள்ளைக்காரி. 'தமிழ்ப் பெண்' என்றேன், கிரேன் காணாமல் போய் மணமேடை வந்துவிட்டது. 'இந்தியப் பெண், ஜொகூர், வேலை' என்று போட்டுப் பார்த்தேன். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமா என்று என்னையே கேட்கிறது! மனுஷனாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன் தம்பி, போனுக்கு ஏது சட்டை?

பேனர் கடைக்காரர் சாஜித் ஒரு வழி சொன்னார். "அங்கிள், இப்பல்லாம் சொன்னாலே அதுவா வரைஞ்சு குடுத்துரும் லா." சொன்னேன். கிரேனுக்குள் ஒரு தமிழ்ப் பெண் என்றதும் நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், கழுத்தில் மாலையோடு ஒருத்தியை உட்காரவைத்தது. நிறம் சுத்தப் பால். "என் மக என் நிறம், நல்ல கறுப்பு"ன்னு சொன்னேன். கொஞ்சம் டீத்தூள் போட்ட மாதிரி ஆக்கிச்சு. இன்னும் வேணும்னேன், மூக்கைச் சின்னதாக்கி மறுபடியும் பாலாக்கிடுச்சு. பதினாறு தடவை கேட்டேன் தம்பி! என் பிள்ளையின் நிறம் எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கடைசியில் களைத்துப்போய், இதையே அடிங்க என்று சொல்லிவிட்டேன்.

அங்கேதான் வினை. பேனர் ஓரத்தில் கமிட்டித் தலைவர் படம் போடுவது வழக்கமாச்சே, மதிவாணன் பட்டு ஜிப்பாவில் கும்பிட்டபடி சிரிக்கிறார். இந்தப் பக்கம் மாலையோடு ஒரு பெண், அந்தப் பக்கம் ஜிப்பாவோடு ஓர் ஆண், நடுவில் 'தேன்மொழிக்கு வாழ்த்துகள்'. கோயில் வாசலில் அதைப் பார்த்த சனம் என்ன நினைக்கும்? "அலமாக், கல்யாணத்த சொல்லவே இல்லியே!" என்று பக்கத்துக் கடைக்கு ஓடிவிட்டார்கள். ஏழு ரைஸ் குக்கர் வந்து சேர்ந்தது. ஏழையும் எண்ணிப் பார்த்த மதிவாணன் மனைவி இன்றுவரை அவரோடு பேசவில்லை.

தேன்மொழி வேலை முடிந்து பளபளக்கும் மஞ்சள் ஜாக்கெட்டோடு நேராக வந்தாள். பத்து வருஷ உழைப்புக்குக் கிடைக்கும் மாலையை இப்படிக் கெடுத்துவிட்டோமே, பிள்ளை முகம் வாடிவிடுமோ என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் பேனரை அண்ணாந்து பார்த்தாள்.

"யாருப்பா இது? சீட் பெல்ட்டுகூடப் போடல!"

கோயிலே அதிரச் சிரித்தாள். நான் வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மெஷினுக்கு யாரு படத்த நெறைய காட்டுனாங்களோ, அதுக்கு அவங்கதான் உலகம்ப்பா. நீங்க என்னையத் தெனமும் பாக்குறீங்க. என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் எப்படி இருப்பாள் என்று மகளை விட்டுவிட்டுப் போனிடம் கேட்ட அப்பன் ஜொகூரிலேயே நான் ஒருவன்தான்.

பிறகு அவளே அந்த மணப்பெண்ணை மறைத்து நின்று மாலை வாங்கிக்கொண்டாள். சின்னப் பெண் பிள்ளைகள் அவள் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்க்க வரிசை கட்டி நின்றார்கள். அதைப் படம் எடுத்துக் கோயிலின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றியாகிவிட்டது. இனி யாராவது தேடினால் இவளும் வரட்டும்.

ஆகவே தம்பி, ஷர்மினி லாயரானதற்கும் பேனர் உண்டு, ஆனால் அவள் சொந்தப் படம்தான். நானே நேரில் வந்து எடுப்பேன், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. எந்த யந்திரத்தையும் கேட்கமாட்டேன், இது சத்தியம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள். வரும்போது ரைஸ் குக்கர் இரண்டு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சபாபதி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது சாஜித் வந்தார். இரண்டாக அடித்தால் மலிவு என்றாரே என்று, போன மாதமே ஷர்மினிக்கும் சேர்த்து, போன் கொடுத்த படத்தோடு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், மறந்தே போய்விட்டது. இன்று காலை உங்கள் கோயில் வாசலில் கட்டிவிட்டார்களாம். தேன்மொழியிடம் போனைக் கேட்டு வாங்கிச் சொல்லத் தைரியம் இல்லை, அதனால் இங்கேயே சொல்கிறேன்: கறுப்புக் கோட்டில் நரைத்த மீசையோடு கம்பீரமாக நிற்கும் அந்த வெள்ளைக்காரர்தான் உன் மகள்.