சிலமலையில் நான் கடலை போட்ட கதை

போடிநாயக்கனூரில் எனக்கென்று இருந்த மரியாதை ஒரு பல்பில் போனது.

நான் ஏலக்காய் ஸ்டோரில் மேற்பார்வை பார்க்கிறவன். மலையிலிருந்து இறங்கும் காயைப் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். நான் நின்றுகொண்டு முறைப்பேன். அதற்குத்தான் சம்பளம். அன்று அனுசியா என்கிற பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "நேத்து முதலாளிகிட்ட லீவு கேக்கப் போயி செம பல்பு வாங்கிட்டேன்க்கா" என்றாள். முதலாளி பல்பு கொடுத்த செய்தி மேற்பார்வையாளனுக்கு வரவில்லையே என்ற பொறுப்பில் கேட்டேன்.

"எத்தனை வாட்டும்மா?"

ஸ்டோரே சிரித்தது. காய் சிதறியது. பல்பு வாங்குவது என்றால் மூக்கறுபடுவது என்று அனுசியாதான் விளக்கினாள். பல்பை விளக்கி முடிக்கும்போது நானும் ஒன்று வாங்கியிருந்தேன். மறுநாளிலிருந்து என் பெயர் மலைச்சாமி அண்ணன் இல்லை. வாட்டு அண்ணன்.

அன்றே சபதம் செய்தேன். இந்தப் புதுத்தமிழைக் கற்காமல் ஓய்வதில்லை. டீ குடிக்கும் நேரத்தில் அனுசியாவிடமே பாடம் கேட்டேன். கடலை என்றால் கடலை இல்லையாம். தேன் ஒழுகப் பேசிக்கொண்டே இருப்பதுதான் கடலை போடுவதாம். அல்வா கொடுப்பது என்றால் நைசாக ஏமாற்றுவதாம்.

"இதெல்லாம் பழசுண்ணே. ஊருக்கே தெரியும்" என்றாள்.

எனக்கே தெரியாதது என் மனைவி அமுதவள்ளிக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் எந்த விஷயமும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரும் என்று நம்புகிறவன் நான்.

இங்கே என் துயரத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சர்க்கரை. சோதித்துப் பார்த்த டாக்டர், "ரத்தத்துல சீனியும் கொழுப்பும் ஜாஸ்தி" என்றார்.

"கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான மறுநாளே எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள் அமுதவள்ளி. "சீனிதான் புதுசு."

போன வருடம் கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அவள் வாய்விட்டு அழுதாள். விரல் தப்பிவிட்டது. நான் தப்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கறி இல்லை, புரோட்டா இல்லை, இனிப்பு இல்லை. என் சிநேகிதன் சீனிச்சாமியின் பேரில் சீனி இருப்பதால் அவனையும் வீட்டுக்குள் விடுவதில்லை.

சீனிச்சாமி மலை எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். அவன்தான் ஸ்டாண்டில் என்னை மடக்கினான்.

"மாப்ளே, ஞாயித்துக்கெழம குரங்கணியில எங்க குலசாமிக்குக் கெடா வெட்டு. வீட்டுக்குத் தெரியாம வந்து சேரு."

எத்தனையோ மாதமாகக் கீரையைக் கடைந்து தின்றவன் நான். கிடா என்ற சொல்லைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். என் செல்போன் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் அது அவள் செல்போன். வாட்ஸாப்பில் வருவதையெல்லாம் படித்துவிடுவாள். அதனால்தான் புதுத்தமிழில் பேசிக்கொள்வது என்று சீனிச்சாமியிடம் சொல்லிவைத்தேன்.

முதலில் மனைவியை இளக்க வேண்டுமே. கட்டிய மனைவியிடம் கடலை போட்ட முதல் ஆண்பிள்ளை போடியில் நானாகத்தான் இருப்பேன்.

"அமுதா, இந்தச் சேலை உனக்கு அம்புட்டு எடுப்பா இருக்கு."

"இது நைட்டி."

"நைட்டியே சேலை மாதிரி இருக்குன்னு சொல்ல வந்தேன்."

"ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா? மாத்திரை போட்டீகளா?"

இவ்வளவு போதும் என்று தோன்றியது. சனிக்கிழமை காலை சீனிச்சாமி, 'நாளைக்குச் சோலி என்னாச்சு மாப்ளே?' என்று கேட்டிருந்தான். நான் கம்பீரமாகப் பதில் தட்டினேன்: 'வீட்டுல கடலை போட்டுக்கிட்டு இருக்கேன். நாளைக்கு அல்வா குடுத்துட்டு வெரசா வந்துர்றேன்.'

குளித்துவிட்டு வந்தால் போன் அவள் கையில். வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல கடலை போடுறீகளா? எந்த வீட்டுல? எங்க?"

உண்மையைச் சொல்ல முடியுமா? சொன்னால் உன்னிடம் வழிந்தேன், உன்னை ஏமாற்றப் போகிறேன் என்றல்லவா சொல்ல வேண்டும்? ஈரத்துண்டோடு நின்று யோசித்தேன். நல்லவேளையாக ஆடிமாதம். விதைப்புக் காலம்.

"வீடுன்னா உங்க வீடு. சிலமலையில உங்கண்ணன் காட்டுல கடலை போடணும்ல? ஒத்தாசைக்குப் போகலாம்னு..."

அமுதவள்ளியின் கண்ணில் நீர் கோத்தது.

"எங்கண்ணன் காட்டுப் பக்கம் நீங்க ஒருநா எட்டிப் பாத்ததில்லையே! இப்பவாச்சும் மனசு வந்துச்சே!"

"பின்ன? சொந்தபந்தம் வேணும்ல?"

"சரி, அல்வா ஆருக்கு?"

"அல்வாவா? ஒனக்குத்தான்."

"எனக்கா! குடுத்துட்டு எங்க வெரசா வர்றதா எழுதியிருக்கீக?"

"காட்டுக்குத்தான் தாயி. வேற எங்க போகப்போறேன்?"

சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் அண்ணன் முத்துப்பாண்டிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு ஒங்க மாப்ளே கடலை போட வர்றாக."

"ஆரு, நம்ம மலைச்சாமி மாப்ளேயா?" ஸ்பீக்கரில் மச்சான் குரல் எகிறியது. "ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா ஆத்தா அவருக்கு?"

அன்று சாயங்காலம் பெரிய கடையாகப் பார்த்து அரைக்கிலோ அல்வா வாங்கி வந்தேன். நெய் காகிதத்தைத் தாண்டி என் சட்டையில் ஊறியது. அமுதவள்ளி பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தாள். "என்னா மணம்!" என்றாள். பிறகு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"நீயும் வர்றேல்ல?" என்று கேட்டேன்.

"எனக்கு முட்டுவலி. காட்டுல நடக்க முடியாது. நீங்க மொத பஸ்ஸுக்குப் போங்க."

அதில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒன்பது மணி வரை கடலை போட்டுவிட்டு, ஒரு வயிற்றுவலியைச் சொல்லி நழுவினால் பந்திக்குப் போய்விடலாம். சீனிச்சாமியிடம் எலும்பு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சிலமலையில் முத்துப்பாண்டி மச்சான் ஏர் பூட்டித் தயாராக நின்றார். ஏர் முன்னால் போக, சாலில் ஒவ்வொரு பருப்பாகப் போட்டுக்கொண்டே நான் பின்னால் குனிந்து போக வேண்டும். கடலை போடுவது இவ்வளவு வலிக்கும் என்று அனுசியா சொல்லவில்லை. பசிக்கு இரண்டு பருப்பை வாயருகே கொண்டுபோனேன்.

"ஐயய்யோ மாப்ளே, மருந்து கலந்த வெதை!"

போட்டுவிட்டேன், கீழே.

ஒன்பது மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வருமுன்னு தங்கச்சி அப்பவே போன்ல சொல்லுச்சு" என்றார் மச்சான். வேட்டி மடிப்பிலிருந்து ஓம வாட்டர் பாட்டிலை எடுத்தார். "குடிச்சிட்டு எந்திரிங்க. இன்னும் மேக்குப் பக்கத்துக் காடு பூராக் கெடக்கு."

எனக்கு அப்போதே லேசாகச் சந்தேகம் தட்டியது. மத்தியானம் கேப்பைக்கூழும் அவித்த பாகற்காயும் வந்தன. அதுவும் தங்கச்சி சொன்னதுதானாம். மேற்கே மலையைப் பார்த்தேன். அங்கே குரங்கணியில் இந்நேரம் இலை விரித்திருப்பார்கள். பாகற்காயை முழுங்கும்போது உண்மையிலேயே அழுகை வந்தது.

அந்த நேரத்தில் போன் சிணுங்கியது. அமுதவள்ளி ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

மரத்தடியில் பந்தி. நடுவில் அமுதவள்ளி, முட்டுவலியைக் காணோம், சம்மணம் போட்டு உட்கார்ந்து நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சீனிச்சாமி மனைவி ஜோதி, தோளில் கை போட்டபடி. கிடா வெட்டுச் சேதி எந்த வழியாகப் போனது என்று அந்தக் கையே சொன்னது. பின்னால் கறிவாளியோடு சீனிச்சாமி. என் முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லாதவன்போல் வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இலையிலும் ஓரமாக, பளபளவென்று, நான் வாங்கிய அல்வா.

எழுதினேன்: 'அங்க ஒனக்கு என்ன சோலி? அல்வாவை ஏன் அங்க கொண்டுபோன?'

பதில் உடனே வந்தது.

'நீங்க வாங்குன அல்வாவை ஊருக்குக் குடுத்துட்டேன். ஒங்களுக்கு நான் குடுத்த அல்வாவுல சீனி இல்ல, பயப்படாம சாப்பிடுங்க.'