ஓடிப்போன மாப்பிள்ளையின் இரண்டாம் ஓட்டம்

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல், ஓடிப்போனது.

தனியாக அல்ல. தனியாக ஓடினால் அதற்குப் பெயர் வேறு. என் மனைவியோடு ஓடினேன். அப்போது அவள் மனைவி இல்லை. ஓடி முடித்த பிறகுதான் ஆனாள். இருபத்தேழு வருடமாக அவள் பிறந்த வீட்டில் என்ன விருந்து நடந்தாலும், எல்லோரும் கை கழுவி வந்ததும் யாராவது ஒருவர், "அந்தக் கதையைச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்பார். நானும் "அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

கதை இதுதான். சாயங்கால நேரம். ரயில் கிளம்பப் போகிறது. ஸ்டேஷன் ரோட்டில் ஓடுகிறேன். ஒரு கையில் பெட்டி, மறு கையில் இவள். பின்னால் இவளுடைய அப்பா துரத்திக்கொண்டு வருகிறார். "விட்டுட்டுப் போறியே! விட்டுட்டுப் போறியே!" என்று கதறுகிறார். பெற்ற மனம் அல்லவா? நான் திரும்பிப் பார்க்கவில்லை. நகர ஆரம்பித்த ரயிலில் இவளை ஏற்றிவிட்டு நானும் தாவி ஏறினேன்.

முதல் வருடம் "ஏறினோம்" என்றுதான் சொன்னேன். ஐந்தாம் வருடம் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன். பத்து வருடத்துக்குப் பிறகு தூக்கியே ஏற்றுகிறேன். இவள் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரலில் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே கேட்பாள். மாமனார் உயிரோடு இருந்தவரை, "விட்டுட்டுப் போறியே" வந்ததும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொள்வார். தோள் குலுங்கும். பெரிய மனிதரை இப்படிக் கலங்க வைக்கிறோமே என்று எனக்கும் பாவமாக இருக்கும். அதற்காகக் கதையை நிறுத்தியதில்லை.

என்னை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்கட்டில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவன். முதலாளியிடம் "சரிங்க". வாடிக்கையாளரிடம் "சரிங்க". வீட்டுக்கு வந்தால் "சரிம்மா". இவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் இவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. தான்தான் ஓட்டுகிறோம் என்று கற்றுக்கொள்கிறவர் நினைத்துக்கொள்ளலாம். எங்கே நிற்க வேண்டும் என்பதை இவள் பார்த்துக்கொள்வாள். எங்கள் குடும்பமும் அந்தக் காரைப் போலத்தான். அப்படிப்பட்டவனுக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் சொத்து.

அந்தச் சொத்தில் கை வைத்தான் என் மச்சினன். பல் டாக்டர். எதிராளி வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும்போது கேள்வி கேட்டே பழகியவன்.

"அத்தான், அன்னிக்கு எவ்ளோ தூரம் ஓடியிருப்பீங்க?"

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"போன தடவை ஒண்ணுன்னீங்க."

"ஊர் வளருதுல்ல?"

"எங்க வீட்டு மாடி ஏறினதுக்கே இன்னும் மூச்சு வாங்கறீங்க. ஊர்ல அரை மாரத்தான் நடத்தறாங்க அத்தான். இருபத்தோரு கிலோமீட்டர். பழைய ஸ்டேஷன் ரோடு வழியாத்தான் போகுது. ஓடி முடிச்சுட்டு வாங்க, ஆயுசு முழுக்க கதை சொல்லுங்க. முடிக்கலன்னா இந்த வீட்ல இனிமே அந்தக் கதை கிடையாது."

கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்த வேகத்தில் "ஓடறேன்டா!" என்று சொல்லிவிட்டு, பிரேக் போடுவாள் என்று இவளைப் பார்த்தேன். போடவில்லை.

"பேரைக் குடுத்துடுங்க" என்றாள். "ஜன்னலுக்குப் பாதி பெயின்ட், அலமாரிக்கு ஒத்தைக் கதவு. எல்லாத்தையும் அரையில விடற ஆளு நீங்க. அரை மாரத்தான் உங்களுக்குன்னே வெச்சிருக்காங்க."

பயிற்சி தொடங்கியது. முதல் நாள் புது ஷூ. தெருமுனை வரை ஓடிவிட்டு, குதிகாலில் கொப்புளத்தோடு நடந்து திரும்பினேன். கொப்புளம் ஆறியதும் மழை. வீரனுக்கு மழை என்ன, வெயில் என்ன என்று நனைந்துகொண்டே ஓடினேன். சளி பிடித்து, காய்ச்சலாகி, இருமலில் வந்து நின்றது. டாக்டர் படுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வாரம் எங்கள் வீட்டில் ஓடியது கடிகாரம் மட்டும்தான்.

எழுந்து உட்கார்ந்தேன். ஷூவுக்கு முடிச்சுப் போட ஸ்டூல் மேல் கால் வைத்தேன். ஸ்டூல் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. நான் தரையில் கிடந்தேன். கணுக்கால் வீங்கிவிட்டது.

இவள் ஐஸ் கட்டியோடு வந்தாள்.

"இந்த வீட்ல முதல்ல ஓடினது ஸ்டூல்தான்."

"வலிக்குது. கிண்டல் பண்ணாதே."

"பண்ணலங்க. அதுக்கு நல்ல பயிற்சி."

வீக்கம் வடிந்த பிறகு நாலு நாள் சோம்பலில் போனது. கடையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று ஒரு வாரம் போனது. ஒருவழியாக ஒரு விடியற்காலையில் மறுபடி தெருவில் இறங்கினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் கார் சத்தம். திரும்பினால், எங்கள் பயிற்சிக் கார். நான் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாக வந்தது. நான் நின்றால் நின்றது. உள்ளே இவள். எனக்கு மனசு நெகிழ்ந்துபோனது. காய்ச்சலில் கிடந்தவன் எங்கேயாவது விழுந்துவிடுவானோ என்று காவலுக்கு வருகிறாளே! இந்த வயதிலும் எனக்காக இப்படித் தவிக்கிற ஒரு ஜீவன்!

ஜன்னல் பக்கம் போய், "எதுக்கும்மா வீணா அலையறே? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க நிக்காதீங்க, ஓடுங்க. இவங்களுக்கு இன்னிக்குத்தான் முதல் கியர் சொல்லிக்குடுக்கறேன். முன்னாடி இவ்ளோ மெதுவா போற வண்டி வேற எங்கயும் கிடைக்கல."

ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கூன் போடாம ஓடு தம்பி" என்றார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "மேடம், இவரைத் தாண்டலாமா?"

"வேண்டாம் டீச்சர். இன்னும் ஒரு வாரம் போகட்டும்."

ஒரு வாரத்தில் தாண்டிவிட்டார். ஹாரன் வேறு அடித்தார்.

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்கு ஞானோதயம் வந்தது. ஓடித் தோற்றால்தானே கதை போகும்? காயத்தால் ஓடவே முடியாமல் போனால் அதற்குப் பெயர் தோல்வி இல்லையே! அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போகலாம். மருந்துக்கடைக்குப் போய்க் கட்டுத்துணி வாங்கி வந்து, கணுக்காலைச் சுற்றி அழகாகக் கட்டிக்கொண்டு, "அம்மா... அப்பா..." என்று நொண்டியபடி சமையலறைக்குள் நுழைந்தேன்.

இவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கீழே பார்த்தாள்.

"கட்டு இடது கால்ல இருக்கு. நொண்டறது வலது கால்ல. ரெண்டு காலும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட போலாம்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"முடியலன்னா முடியலன்னு தம்பிகிட்ட சொல்லிடுங்களேன். இதுல என்ன இருக்கு?"

"சொன்னா கதை போயிடும்."

"போனா என்ன?"

"உனக்கு என்ன, ஊருக்கே கார் ஓட்டக் கத்துக்குடுத்திருக்கே. ரோட்ல போறவன்லாம் வணக்கம் சொல்றான். எனக்கு அது ஒண்ணுதானே இருக்கு?"

இவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். பிறகு, "அப்ப ஓடுங்க" என்றாள்.

ஓடினேன். மார்பில் எண் குத்திக்கொண்டு, இளவட்டங்களுக்கு நடுவில் நின்று, நானும் ஓடினேன். முதலில் எல்லோரோடும் ஓடினேன். பிறகு எல்லோருக்கும் பின்னால் ஓடினேன். பிறகு முன்னால் ஒருவரும் தெரியவில்லை. கணுக்கால் வலி முழங்காலுக்கு ஏறியது. இருமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பாதி தூரம்கூட ஆகவில்லை, பழைய ஸ்டேஷன் ரோடு வந்துவிட்டது.

எத்தனை வருடமாயிற்று அந்தப் பக்கம் வந்து! இவள் வீடு இருந்த வளைவில் இப்போது துணி சலவைக் கடை. சைக்கிள் நிறுத்துமிடத்தின் நீளமான மஞ்சள் சுவர் மட்டும் அப்படியே இருந்தது. இந்தச் சுவரை ஒட்டித்தான் ஓடினோம். அன்று இவளுக்கு இரட்டைப் பின்னல். ஓடும்போது ஒரு பின்னல் அவிழ்ந்துபோனது. அதைக் கட்டக்கூட நிற்காமல் பல்லில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இவள் கை சில்லென்று இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் செத்துப்போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் இருந்ததில்லை. அந்தப் பையன் எங்கே போனான் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியர்வை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

ஸ்டேஷன் மூடிக் கிடந்தது. இப்போது அங்கே ரயில் நிற்பதில்லை. வாசற்படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும், இனி எழுந்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

டிக்கெட் ஜன்னல் பக்கமிருந்து தண்ணீர் பாட்டிலோடு இவள் வந்தாள்.

"நீ எப்படி இங்க?"

"உங்க ஓட்டத்தை ஒரு மாசமா பாக்கறேனே. இதுக்கு மேல வராதுன்னு தெரியும்." பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கதை போச்சு" என்றேன்.

தண்ணீரைக் குடிக்கவைத்தாள். பிறகு, "அன்னிக்கு அப்பா என்னன்னு கத்தினார்?" என்று கேட்டாள்.

"விட்டுட்டுப் போறியேன்னு. பாவம்."

"எதை?"

"எதைன்னா? உன்னைப் பெத்தவரை."

"டிக்கெட்டை."

எனக்குப் புரியவில்லை.

"டிக்கெட்டை விட்டுட்டுப் போறியேன்னு கத்தினார். மேஜை மேலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

"டிக்கெட்டை நீ எடுக்கறதா சொன்னே. அது அவருக்கு எப்படித் தெரியும்?"

"எடுத்ததே அவர்தானே?"

சொன்னாள். மாமனாருக்கு என்னைப் பிடித்துத்தான் இருந்ததாம். பிடிக்காதது பெரியப்பாவுக்கு. தானே முன்னின்று கல்யாணம் செய்துவைத்தால் அண்ணன் தம்பிக்குள் ஆயுசுக்கும் பகை. பெண் ஓடிப்போய்விட்டால் பகை இல்லை. அண்ணனே வந்து தோளைத் தட்டி ஆறுதல் சொல்வார். அதனால் ரயில், தேதி, பெட்டி எல்லாம் அவர் ஏற்பாடு.

"அப்ப யாரும் நம்மள துரத்தலையா?"

"யாரும் துரத்தல. ரயிலும் நகரல. அரை மணி நேரம் நின்னுச்சு. நீங்கதான் ஏறினதும் மேல் பெர்த்துல போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுத்துட்டீங்க."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"அப்பா சொல்லக் கூடாதுன்னார். 'மாப்பிள்ளை உனக்காக உலகத்தையே எதிர்த்தோம்னு நினைச்சுக்கிட்டிருக்கார். அந்த நினைப்போடயே இருக்கட்டும். கடைசி வரைக்கும் உன்னை நல்லா வெச்சுக்குவார்'னு." பாட்டிலை மூடிக்கொண்டே, "வெச்சுக்கிட்டீங்க" என்றாள்.

எனக்குக் கோபப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. அந்த மனிதர் மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. இருந்திருந்தால் காலைத் தொட்டிருப்பேன். குனிய முடிந்திருந்தால்.

அதற்குள் இவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். குரல் மாறிவிட்டது. கார் கற்றுக்கொடுக்கும் குரல்.

"கேளுங்க. இது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான். ஓடி முடிச்சீங்கன்னா சாகற வரைக்கும் வாய் திறக்க மாட்டேன். முடிக்கலன்னா, அடுத்த விருந்துல நடுக்கூடத்துல நாற்காலி போட்டு நானே சொல்றேன். போர்வையையும் சேர்த்து."

மாத்திரையால் போகாத வலி அந்த நிமிடத்தில் போனது. எழுந்தேன். ஓடினேன். நடந்தேன். நொண்டினேன், இந்தத் தடவை சரியான காலில். கணுக்கால் கெஞ்சியது, நான் கேட்கவில்லை. என் கண்முன் தெரிந்ததெல்லாம் மச்சினன் வீட்டுக் கூடமும், இவள் வாயும்தான்.

முடிவுக் கோட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் பொறுங்கப்பா!" என்று கூவிக்கொண்டே தாண்டினேன். எஞ்சியிருந்த கடைசிப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுவிட்டார்கள். மச்சினன் நாற்காலி கொண்டுவந்து உட்காரவைத்து, என் ஷூவைக் கழற்றினான். இவள் சற்றுத் தள்ளி யாருக்கோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். சொன்ன சொல் தவறாதவள். ரகசியம் பத்திரம்.

"ஜெயிச்சுட்டீங்க அத்தான். இனிமே கதை உங்களுது."

"ரெண்டு கிலோமீட்டர்" என்றேன், மூச்சுக்கு நடுவில். "உங்க அக்காவைத் தூக்கிட்டு. நம்பறியா இப்ப?"

"நம்பறேன். ஒரே ஒரு திருத்தம்" என்று என் கணுக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டே சொன்னான். "நானும் பெரியப்பா காதுல விழக்கூடாதுன்னு இத்தனை நாள் பேசாம இருந்தேன். மூணாங்கிளாஸ் பையனா இருந்த என் கையில, அக்கா விட்டுட்டுப் போன டிக்கெட்டை அப்பா திணிச்சு அனுப்பினார். ரயில் ஜன்னல் வழியா அக்காகிட்ட குடுத்துட்டு வந்தேன் பாருங்க, அன்னிக்கு நிஜமா ஓடினவன் நான் ஒருத்தன்தான் அத்தான்."