டோசரைத் திட்டிய சாயங்காலம்

நெய்வேலிச் சுரங்கத்தில் எத்தனையோ ராட்சத யந்திரங்கள் ஓடுகின்றன. ஆனால் ஊரையே அதிரவைத்தது எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ் பெண் டோசர்தான். சுரங்கத்தில் மண் தள்ளும் டோசர் யந்திரத்தை ஓட்டியவர் அவளுடைய அப்பா. பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சை, அதில் உட்கார்ந்திருந்த தோழிகளோடு சேர்த்துத் தூக்கியதால் பட்டம் மகளுக்குப் போய்விட்டது.

வளர்ந்ததும் மல்யுத்தக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். கயிறு கட்டிய மேடையில், யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசிவைத்துக்கொண்டு, ஆனால் நிஜமாகவே விழுந்து எழுகிற தொழில். அதில் இவள் வில்லி. கூட்டத்தைப் பார்த்து நாக்கைத் துருத்துவாள், நடுவரைக் கிள்ளுவாள், கடைசியில் உதை வாங்கித் தோற்பாள். ஜனங்கள் எவ்வளவு திட்டுகிறார்களோ அவ்வளவுக்கு அவள் வேலை சுத்தம்.

திருச்சியிலிருந்து ஒருமுறை பெண் பார்க்க வந்தார்கள். டோசர் மாப்பிள்ளை கையில் கேசரித் தட்டைக் கொடுத்தாள்.

"நல்ல மனுஷரா தெரியறீங்க, அதான் நேராவே சொல்லிடறேன். எனக்குப் பொண்ணுங்களத்தான் புடிக்கும். பண்ருட்டில பரிதான்னு ஒருத்தி இருக்கா."

மாப்பிள்ளை யோசித்தார். "அவங்களுக்கும் உங்களப் புடிக்குமா?"

"அவதாங்க மொதல்ல சொன்னா."

மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய அம்மாதான் மயங்கி விழுந்தார். டோசரே அலுங்காமல் தூக்கிப்போய்க் காரில் உட்காரவைத்தாள்.

விஷயம் பரவியதும், பால் பூத்திலிருந்து சுரங்கக் கம்பெனி பஸ் வரை எங்கள் பிளாக் அவளைத் திட்டித் தீர்த்தது. அவள் பஸ்ஸில் ஏறினால் பேச்சு சட்டென்று நிற்கும். "நிறுத்தாதீங்க. எந்த எடத்துல விட்டீங்க?" என்று பக்கத்திலேயே உட்காருவாள். பரிதாவின் வீட்டில் முந்திரி வியாபாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் வறுத்த முந்திரியோடு வருவாள். முந்திரி போய்ச் சேர்ந்த வீடுகளில் குரல் கொஞ்சம் தணிந்தது.

போன வருஷம் ஒருநாள் டோசர் என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் அப்படியொரு கவலையை நான் பார்த்ததில்லை.

"அக்கா, நம்ம ஊரு கிரவுண்டுல ஷோ. நான் இன்னும் கான்ட்ராக்ட்டுதான். ஜனங்க நல்லா திட்டினா பர்மனென்ட்டுன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. இல்லன்னா அனுப்பிடுவாராம்."

கான்ட்ராக்ட், பர்மனென்ட்: சுரங்க வேலையை நம்பி வாழும் நெய்வேலியில் இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் யாருக்கும் விளக்கம் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல வீடு வீடாகப் போனாள். "குடும்பத்தோட வந்து என்னைத் திட்டணும்!"

பிளாக்கே வந்தது. டோசர் மேடையேறி நாக்கைத் துருத்தினாள். கைதட்டினோம். எதிராளியின் முடியைப் பிடித்து இழுத்தாள். "பாத்தும்மா, இடுப்பு புடிச்சிக்கப் போவுது!" என்றார் பால் பூத்துக்காரர். இத்தனை நாள் கேட்காமலே திட்டியவர்களுக்கு, கெஞ்சிக் கேட்டபோது நாக்கு எழவில்லை. ஓரத்தில் முதலாளி முகம் சுருங்கியது. மேடையிலிருந்து டோசர் எங்களைப் பார்த்தாள். வில்லியின் கண் கலங்கிவிட்டது. அவளுடைய அப்பா வாயைத் திறந்து திறந்து மூடினார்.

முதல் வரிசையில் பரிதா எழுந்தாள்.

"த்தூ! அந்தப் பொண்ணு முடியப் புடிச்சிகினு ஆடறியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா? உன்ன நம்பி வந்தா பாரு ஒருத்தி, அவளச் சொல்லணும்!"

கிரவுண்டே சிரித்தது. அவள் பக்கத்தில் டோசரின் அப்பாவும் எழுந்துவிட்டார். "வூட்டுக்கு வாடீ, உனக்கு இருக்கு!"

அவ்வளவுதான், பிளாக் மடை திறந்துகொண்டது. பால் பூத்தில் முதுகுக்குப் பின்னால் பேசியதைவிடப் பல மடங்கு, இந்தமுறை முகத்துக்கு நேராக, சிரித்துக்கொண்டே. டோசர் பலகை அதிர விழுந்தாள். தோற்று மல்லாந்து கிடந்தவள், பரிதாவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

இப்போது அவள் பர்மனென்ட். எனக்குத்தான் மறுநாள் முழுக்கத் தொண்டை கட்டியிருந்தது. என் ஆயுசில் யாரையும் அவ்வளவு ஆசையாக நான் திட்டியதில்லை.