சைனுக்கு முன்னால் ஒரு கோடு

கிரகணம்கூடப் பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்குத் தவறலாம். கணிதம் படிப்பிக்கும் தியாகலிங்கம் மாஸ்டரின் வகையீட்டு நோட்ஸ் தவறாது என்பது குடாநாட்டின் அசைக்க முடியாத நம்பிக்கை. பன்னிரண்டு வருடமாக ஓர் எழுத்தும் மாறாமல் றோணியோ நகல் மெஷினில் உருண்டு வந்த நோட்ஸ் அது. சும்மா சொல்லக்கூடாது, தொண்ணூற்றிரண்டில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தட்டுப்பட்டது, சவர்க்காரம் தட்டுப்பட்டது, நோட்ஸ் மட்டும் தட்டுப்படவில்லை. சைவப் பிள்ளைகள் தேவாரம்போலவும் வேதக்காரப் பிள்ளைகள் செபம்போலவும் அதைப் பாடமாக்கினார்கள்.

குருநகர் மக்டலீனும் பாடமாக்கினாள். ஒரு வரிதான் தொண்டைக்குள் இறங்கவில்லை. கோசைனின் பெறுதி, அதாவது அதை வகையிட்டால் வருவது, சைன் என்றது நோட்ஸ். கோசைன் வளையியோ தொடக்கத்திலேயே கீழே இறங்குகிறது. இறங்குகிற கோட்டின் சரிவுக்கு முன்னால் சய, அதாவது மைனஸ் குறி, வரவேண்டாமா? அடியிலிருந்து தானே செய்து பார்த்தாள். சய சைன் வந்தது. பள்ளிக்கூடச் சோதனையிலும் அதையே எழுதினாள். இரண்டு புள்ளி வெட்டுப்பட்டு முப்பத்தெட்டில் நின்றாள். நாற்பது இல்லையென்றால் ஏ.எல். வகுப்பின் கணிதப் பிரிவில் இடமில்லை. கலைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். எஞ்சினியராவேன் என்று தகப்பன் பிலிப்புவுக்குச் சொல்லி வைத்திருந்தவள் நேரே அதிபரிடம் போனாள்.

அவள் முறையிட, அதிபர் 'உயர்மட்டக் குழு' ஒன்றை நியமித்தார். தலைவர், விளையாட்டு ஆசிரியர் சந்தியோகு. கணிதம் அறவே தெரியாதவராகையால் பாரபட்சமற்றவர். குழு நாற்பத்தொரு விடைத்தாள்களையும் 'கூர்ந்து பரிசீலித்தது'. நாற்பதில் சைன், ஒன்றில் மட்டும் சய சைன். பெரும்பான்மை தெளிவாக இருந்தது. தன் செய்கையைக் காட்ட எழும்பிய மக்டலீனை, நிகழ்ச்சிநிரலில் கணிதம் இல்லையென்று சொல்லி இருத்தினார்கள்.

பின்னேரம் மாஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். கையில் அவளுடைய விடைத்தாள், அதன் ஓரத்தில் அவரே செய்து பார்த்த கணக்கு. முப்பத்தெட்டை வெட்டி நாற்பது போட்டார்.

"நீர் செய்தது சரி, பிள்ளை. ஸ்டென்சில் வெட்டேக்கை கோடு விழேல்லைப் போலை. கணிதத்திலையே இரும். அரசாங்க ஏ.எல். சோதினையிலை சயவைப் போட்டு எழுதும்."

மக்டலீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோசத்தில் கண்ணும் கலங்கிவிட்டது. என்ன பெருந்தன்மை! பன்னிரண்டு வருடப் புகழ்படைத்த மனிதர், பதினெட்டு வயதுப் பெட்டையிடம் பிழையை ஒப்புக்கொள்கிறார். இப்படி ஒருவரை எங்கே தேடுவது? வாசல்வரை போனவள் திரும்பி, மற்ற நாற்பது பேருக்கும் நாளைக்குச் சொல்லுவீர்களா என்று கேட்டாள்.

மாஸ்டர் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அவையள் கேக்கேல்லையே, பிள்ளை."