ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாக

ட்ரெவர் இரண்டு தாள்களையும் சமையலறை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நரெல், இந்தப் பேப்பர்ல நீயும் ஓஸ்வால்தோவும் ஒத்துமையா குடும்பம் நடத்துறீங்கன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இதுல ஒரு வருஷமா நீங்க புருஷன் பொண்டாட்டியாவே இல்லன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"ரெண்டுக்கும் கீழ என் பேரு இருக்கு."

"கையெழுத்து மட்டும் போட்டாப் போதும் ட்ரெவர். மத்ததெல்லாம் நானே டைப் பண்ணிட்டேன்."

ட்ரெவர் முப்பது வருடம் மரலாரி ஓட்டி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர். டோவர் ஊரில் அவர் ஏற்றி வந்த மரத்தின் எடையைக் குறைத்துச் சொன்னார், கூட்டிச் சொன்னார் என்று ஒருவரும் சொன்னதில்லை. திங்கட்கிழமை விமானம் ஏறி மகன் வீட்டுக்குப் போகிறவர், மூன்று மாதம் கழித்துத்தான் வருவார். அதனால்தான் நரெல் இரண்டு காகிதங்களையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தாள்.

"முதல் பேப்பர் விசாவுக்கு. ஹோபார்ட்ல இருக்கிற ஏஜென்ட் ஆபீசுக்குப் போகணும். ரெண்டாவது விவாகரத்துக்கு. வக்கீலுக்குப் போகணும்."

"அப்போ எது உண்மை?"

நரெல் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். "தேதியப் பொறுத்து" என்றாள்.

விஷயம் இதுதான். ஓஸ்வால்தோ சிலி நாட்டுக்காரன். அங்கே மீன் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, அதே வேலைக்கு இங்கே வந்தவன். நரெலைக் கல்யாணம் செய்துகொண்டபோது தற்காலிக விசா கொடுத்தார்கள். சில வருடம் கழித்து, கல்யாணம் இன்னும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை கொடுப்பார்கள். அதற்கு முன்னால் பிரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் நரெலுக்குப் பெரிய பாரமாக இருந்தது. அவன் பத்து நாள் கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளில் வேலையாக இருப்பான், நான்கு நாள் வீட்டில். அந்த நான்கு நாளும் தலையைக் குனிந்து சாப்பிட்டான், தட்டைக் கழுவினான், நன்றி சொன்னான். பள்ளிக்கூடக் கேன்டீனில் நூறு பிள்ளைகளுக்கு சாண்ட்விச் செய்துவிட்டு வரும் நரெலுக்கு, அந்த நன்றியைக் கேட்டால் விடுதி நடத்துகிற மாதிரி இருக்கும். இவன் எனக்காக உட்கார்ந்திருக்கிறானா, விசாவுக்காக உட்கார்ந்திருக்கிறானா என்று ஒருநாள் தோன்றியது. அதன்பிறகு அந்த நினைப்பு போகவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

போன வருடம் மார்ச்சில் ஒரு சாயங்காலம், கடலிலிருந்து வந்திருந்த அவன் எங்கோ வெளியே போய்த் திரும்பி, ஷூவைக்கூடக் கழற்றாமல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "ஓஸ்வால்தோ, நாம முடிச்சுக்கலாம். உன்ன நான் அனுப்பல. பி.ஆர். கையில வர்ற வரைக்கும் பின்னால இருக்கிற ரூம்ல இரு. வந்ததும் உன் வழிய நீ பாரு."

அவன் தலையாட்டினான். "சரி" என்றான். ஷூவைக் கழற்றினான்.

அதிலிருந்து பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது, கடிதத்தைக் காணோம்.

"அவங்க மெதுவாத்தான் பண்ணுவாங்க" என்பான் ஓஸ்வால்தோ.

இதற்கிடையில் வக்கீல் ஒரு புதுத் தலைவலியைக் கொடுத்தார். விவாகரத்துக்குப் பன்னிரண்டு மாதம் பிரிந்திருக்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டும் பிரிந்திருக்கலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். நரெல் ஃபிரிட்ஜைப் பாதியாகப் பிரித்து, மேல்தட்டில் தன் பெயரையும் கீழ்த்தட்டில் அவன் பெயரையும் ஒட்டினாள். துவைக்கிற பவுடரும் இரண்டு டப்பாவானது.

விசாவுக்கோ நேர்மாறாக நிரூபிக்க வேண்டும். அதில் ஓஸ்வால்தோ கெட்டிக்காரனாக இருந்தான்.

"வெள்ளிக்கிழமை வெளிய சாப்பிடப் போறோமான்னு அவங்க கேக்கலாம்" என்றான். அவன் வீட்டில் இருந்த வெள்ளிக்கிழமைகளில் படகுத்துறையில் உட்கார்ந்து மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"சேர்ந்து ஆடுவீங்களான்னு கேக்கலாம்."

"யாரு கேப்பா அத?"

"அரசாங்கம் நரெல். எத வேணா கேக்கும்."

அரசாங்கத்தைப் பற்றி அப்படிச் சொன்னால் டோவரில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அவன் வீட்டில் இருந்த செவ்வாய்க்கிழமைகளில், சோபாவை நகர்த்திவிட்டு அவளுக்குக் கைக்குட்டை வீசி ஆடுகிற ஒரு சிலி ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தான். அடுத்து, நீண்டகாலத் திட்டம் உண்டா என்று கேட்கலாம் என்றான். இருவரும் மழையில் குழி தோண்டி ஒரு ஆப்பிள் கன்று நட்டார்கள். காய்க்க நான்கு வருடம் ஆகும் என்று கடைக்காரர் சொன்னார். ஓஸ்வால்தோ பரவாயில்லை என்றான்.

கல்யாணமாகி இருந்தபோது இதில் பாதிகூடச் செய்ததில்லை என்று நரெல் நினைத்துக்கொண்டாள். விசாவுக்காக ஒருவன் எவ்வளவு பாடுபடுகிறான்.

ட்ரெவர் கடைசிவரை அவள் டைப் செய்ததில் கையெழுத்துப் போடவில்லை. "நான் பாத்தத நானே எழுதுறேன். ரெண்டுலயும். எங்க, அந்த ஃபிரிட்ஜத் திற."

திறந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உன் தட்டுல அவன் சூப் இருக்கு."

"அது நான் செஞ்ச சூப்."

"அவன் பேரு எழுதியிருக்கே."

"அவனுக்காகச் செஞ்சது. அவன் தட்டுல இடமில்ல."

"ஏன் இடமில்ல?"

"என் தயிர அங்க வச்சிருக்கான். மேல்தட்டுல வச்சா உறைஞ்சிருதுன்னு."

ட்ரெவர் நிமிர்ந்தார். "நரெல், நானும் பன்னெண்டு வருஷம் கல்யாணம் பண்ணியிருந்தவன். என் பொண்டாட்டி என்ன விட்டுட்டு பெர்த் ஊருக்குப் போற வரைக்கும் ஒரு ஆளு வந்து எங்க ஃபிரிட்ஜத் திறந்து பாக்கல. யாராவது பாத்திருந்தா, நாங்க பிரிஞ்சு ரொம்ப நாளாச்சுன்னு அப்பவே சொல்லியிருப்பாங்க."

இரண்டு வெற்றுத் தாள்களையும், விலாசம் எழுதிய இரண்டு கவர்களையும் வாங்கிக்கொண்டு போனார். ஞாயிறு முழுவதும் அவர் வீட்டு ஜன்னல் ஓரத்தில் குனிந்த தலை தெரிந்தது. திங்கள் காலை கவர்களைத் தபாலில் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

வியாழக்கிழமை, மகன் வீட்டிலிருந்து ட்ரெவர் போன் செய்தார்.

"நரெல், ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே."

"சொல்லுங்க."

"ஒட்டுறதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவ படிச்சுப் பாக்கலாம்னு ரெண்டையும் வெளிய எடுத்தேன். அப்புறம் கண்ணாடியக் காணோம். டாக்சிக்காரன் வேற ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தான். எத எதுல வச்சேன்னு இப்போ யோசிக்கிறேன்."

"யோசிச்சு?"

"யோசிக்க யோசிக்கத் தப்பா வச்ச மாதிரிதான் இருக்கு."

நரெல் உடனே வக்கீல் ஆபீசைக் கூப்பிட்டாள். காகிதம் வந்துவிட்டது என்று வக்கீலே பேசினார். குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

"விவாகரத்துக்குன்னுதானே அனுப்பினீங்க? வாசிக்கிறேன், கேளுங்க. 'குளிர்காலத்துல நரெலுக்கு ரெண்டு வாரம் இருமல். ஓஸ்வால்தோ என் கதவத் தட்டி நல்ல தேன் இருக்கான்னு கேட்டான். என்கிட்ட இல்ல. மழையில மலைமேல இருக்கிற தேனீக்காரன் வீடு வரைக்கும் நடந்து போயி வாங்கிட்டு வந்தான். அவ தூங்கிட்டு இருக்கா, வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சிருவான்னு வண்டிய எடுக்கல.' இப்படியே ரெண்டு பக்கம் போகுது."

அந்தத் தேன் கடையில் வாங்கியது என்றுதான் நரெல் அன்று நினைத்தாள். நன்றி சொன்னோமா என்று யோசித்தாள். நினைவில்லை.

"இத வச்சுக்கிட்டு நீதிபதி முன்னால போனா, உங்க ரெண்டு பேரையும் வாழ்த்தி வீட்டுக்கு அனுப்பிருவாரு" என்றார் வக்கீல். "பிரிஞ்சிருக்கீங்களா இல்லையான்னு முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க. தேவைப்பட்டா பன்னெண்டு மாசத்த முதல்லருந்து எண்ணிக்கலாம்."

அப்படியானால் மற்றது ஏஜென்ட் ஆபீசுக்குப் போயிருக்கிறது. இரண்டு படுக்கையறை, இரண்டு பவுடர் டப்பா, இரண்டு தட்டு என்று ட்ரெவர் எழுதிய காகிதம். அதை அவர்கள் மேலே விசா அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டால் ஓஸ்வால்தோ கதை முடிந்தது. நல்லது செய்யப் போய் அவனை நாட்டைவிட்டே அனுப்பியிருக்கிறாள்.

ஏஜென்ட் ஆபீசில் போனை யாரும் எடுக்கவில்லை. ஒரு பதிவு செய்த குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று எட்டு முறை சொன்னது.

மத்தியானம் ஓஸ்வால்தோ படகிலிருந்து கூப்பிட்டான். காற்றுச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசினான்.

"ஓஸ்வால்தோ, விசா ஏஜென்ட் ஆபீசுக்கு நான் ஒரு நடை போயிட்டு வரவா?"

"வேண்டாம்."

"சும்மா, எந்த நிலைமையில இருக்குன்னு..."

"வேண்டாம் நரெல். போயி நின்னா கோவம் வந்து ஃபைல அடியில தள்ளிருவாங்க. அவங்க மெதுவாத்தான் பண்ணுவாங்க. விடு."

பாவம், பயந்து போயிருக்கிறான் என்று நரெல் நினைத்தாள். நடந்ததை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். ஹோபார்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் ஆப்பிள் பெட்டிகள் தோட்டத்து வாசல்களில் அடுக்கியிருந்தன. ஏஜென்ட்டிடம் என்ன சொல்வது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். தப்பு என்னோடது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண் சரியில்லை. அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடுங்கள். இவனைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கடைசி வாக்கியம் ஒத்திகையில் இல்லாதது. தானாக வந்தது. வந்தபிறகு, அதை மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

கடிதம் வந்துவிட்டால் அவன் போய்விடுவான். அவள்தான் அப்படிச் சொன்னாள். போனபின் பின்னறைச் சுவர் வழியாக அவனுடைய ஸ்பானிஷ் ரேடியோ கேட்காது. அவன் கடலில் இருக்கிற பத்து நாளில் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். டிவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருப்பாள். பேச்சுச் சத்தம் கேட்டால் போதும் என்றுதான். ஆனால் அது பத்து நாள். பதினோராவது நாள் வாசலில் ஷூ இருக்கும்.

பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது. நூறில் போக வேண்டிய சாலையில் தான் ஐம்பதில் போய்க்கொண்டிருப்பதை நரெல் அப்போதுதான் கவனித்தாள்.

ஏஜென்ட் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருந்தது. முன்மேசையில் ஜோலீன் என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏஜென்ட் ஊரில் இல்லை என்றாள்.

"உங்கள எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஓஸ்வால்தோ வீட்டம்மாதானே? ரெண்டு பேரும் முதல் தடவ வந்தப்போ மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தீங்க. அவரு எங்க சிங்க்ல உங்க ஸ்கார்ஃபப் பிழிஞ்சாரு."

"ஒரு கவர் வந்திருக்கும்" என்றாள் நரெல். "ட்ரெவர்னு ஒருத்தர் அனுப்பினது. அத மேல அனுப்பிட்டீங்களா?"

"இல்ல, இங்கதான் இருக்கு. படிச்சுப் பாத்தோம், எதுக்கு அனுப்பினாங்கன்னே புரியல. ஃபிரிட்ஜ பத்தி எழுதியிருக்கு."

நரெல் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். விவாகரத்து, ட்ரெவரின் கண்ணாடி, படகுத்துறை போட்டோக்கள், கைக்குட்டை ஆட்டம், ஆப்பிள் கன்று. தன் பேரில் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடட்டும், அவனுடைய விசாவில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்றாள்.

ஜோலீன் டோஸ்ட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தப் போட்டோ எல்லாம் யாரு கேட்டா?"

"நீங்கதான். அரசாங்கம். ஓஸ்வால்தோ சொன்னான்."

ஜோலீன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து பிரித்தாள். ஒரு பக்கத்தைப் பார்த்தாள். நரெலைப் பார்த்தாள். மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"அவரோட பி.ஆர். கடிதம் போன வருஷம் மார்ச்லயே வந்திருச்சும்மா, அவரே நேர்ல வந்து சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனாரு. மறுநாள் காலையில போன் பண்ணி, இத வீட்டுல சொல்லியே ஆகணும்னு சட்டம் எதுவும் இருக்கான்னு கேட்டாரு."