பாப்பாவுக்குப் பேர் வைக்கவிடாத டிக்சனரி

நாம் ஒரு பெயரைச் சொன்ன ஒரே நிமிடத்தில் அந்தப் பெயரையே நம்மை வெறுக்க வைக்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். நாங்கள் வைத்த பெயர் டிக்சனரி.

ஆர்டர் கொடுக்குமுன் சாம்பிள் பார்க்க வரும் வெளிநாட்டு பையர்களிடம் நான் காலர் அளவு பேசிக்கொண்டிருப்பேன். இவர் நடுவில் புகுந்து, நம் ஊர்ப் பெயர்களுக்கு அவர்கள் பாஷையில் என்ன அர்த்தம் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதியதோடு விட்டாரா? செக்கிங் மாலாவிடம் போய், "அம்மிணி, ஸ்பெயின்ல மாலான்னா கெட்டவள்னு அர்த்தமுங்க" என்றார். அவள் இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை. பீஸெல்லாம் தேங்கி, முதலாளியிடம் திட்டு வாங்கியது நான்!

இந்த ஆளிடம் போய் என் மகளுக்குப் பெயர் கேட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"கனின்னு வைக்கலாமாண்ணா?"

"ஜப்பான்ல நண்டுங்க சார்."

"மாயா?"

"சமஸ்கிருதத்துல பொய்த் தோற்றமுங்க. பெத்த புள்ளையப் பொய்யிம்பீங்களா?"

மூன்று மாதம் போனது. வீட்டில் மனைவி பொங்கிவிட்டாள். "ஏனுங்க, கம்பெனி டெய்லர் சொல்லித்தான் நம்மூட்டுப் புள்ளைக்குப் பேர் வைக்கோணுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு பண்ணலீன்னா எங்கப்பா சொல்ற பேருதான்!"

மாமனாரிடம் ஜோசியர் எழுதித்தந்த பதினெட்டு எழுத்துப் பெயர் ஒன்று தயாராக இருந்தது. அலறிப்போய், டிக்சனரியிடம் மூச்சுவிடாமல் உமா என்று முடிவு செய்தோம்.

பெயர் வைக்கிற அன்று அழைக்காமலே வந்து நின்றார் மனிதர். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மாமனார் விடுவாரா? "நீங்கதான் அர்த்தம் சொல்றவருங்களா? உமாவுக்கு என்னங்க?" என்று ஆரம்பித்தார். ஒரு குறை கிடைத்தால் போதும், பதினெட்டு எழுத்தை எடுத்துவிடுவார்.

டிக்சனரி குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த பாஷையில பார்த்தாலும் நல்ல பேருங்க" என்றார். மாமனார் ஜோசியர் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஜப்பான் பையர் ஒருவர் என் போனில் மகள் படத்தைப் பார்த்தார். பெயர் சொன்னதும் சிரித்தார். அவர்கள் பாஷையில் உமா என்றால் குதிரையாம்!

நேரே சாம்பிள் ரூமுக்குப் போனேன். "அண்ணா, உமான்னா குதிரையாமே. தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுமுங்க."

"ஊர்ல ஒருத்தர் பேரை விடலியே, அன்னிக்கு ஏன் சொல்லலை?"

மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பாப்பா என் வெரலைப் புடிச்சுட்டுச் சிரிச்சுதுங்க சார். அப்புறம் எப்படீங்க வாய் வரும்?"

திட்டத்தான் போயிருந்தேன். டீ சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.