நாட் பவுண்ட் வந்த கல்யாணப் புடவை

போனில் ஒருவன் சொல்லச் சொல்ல வேலை செய்வதைப் போல ஆளை அலுக்க வைப்பது வேறில்லை. நினைத்தாலே முட்டி வலிக்கிறது.

ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் அட்டை அடிப்பது என் தொழில். கம்ப்யூட்டரில் பார்டர் வரைந்து, ஓட்டை போட்ட அட்டையாக்கித் தறியில் மாட்டினால்தான் புடவையில் அன்னம் விழும். நான் மூன்றாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். இங்கிலீஷ் எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும், சேர்ந்து வந்தால் தெரியாது. (சம்பந்தி வீட்டு ஆட்களைப் போல.)

மகள் ரேவதி கல்யாணத்துக்கு அன்னப் பார்டர் புடவையை நானே தருவதாகச் சேத்துப்பட்டுச் சம்பந்தியிடம் சவடால் விட்டிருந்தேன். முள்ளிப்பட்டில் தறி அட்டைக்காகக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் வேலூர் சுகுமார் வந்து லினக்ஸைத் திரும்ப ஏற்றிவிட்டுப் போனான். அவன் போன பிறகு டிசைன் புரோகிராமைக் கூப்பிட்டால் வரவில்லை.

போன் செய்தேன். புரோகிராம் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லையாம். 'பாத்' என்று வழி காட்டும் ஒரு வரியை ஒரு ஃபைலின் கடைசியில் எழுதினால் போதுமாம். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். ஒயர் போன் கூடத்தில், கம்ப்யூட்டர் உள்ளறையில். நாலு எழுத்தை மனசில் ஏந்திக்கொண்டு போவேன், தட்டுவேன், திரும்புவேன். (நடுவில் மனைவி ஏதாவது கேட்டால் இரண்டு எழுத்து சிந்திவிடும்.)

எழுதி முடித்து, கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைப் புதிதாகத் திறந்து புரோகிராமைக் கூப்பிட்டால், நாட் பவுண்ட். தேடியது அகப்படவில்லை என்று அர்த்தமாம்.

பாத் பெரிய எழுத்தா, டாலர் போட்டேனா, ஈக்குவலுக்குப் பக்கத்தில் இடம் விட்டேனா என்று சுகுமார் விசாரித்தான். எல்லாம் சரியாகவே இருந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நாட் பவுண்ட். அப்படி முடிகிற வரிகள் ஜன்னலில் இரண்டு இருந்தன. இரண்டும் ஒன்றுதானே என்று கீழே இருந்ததை மட்டும் அவனிடம் சொன்னேன். ஒரு வாரம் இப்படியே நடந்தேன். முள்ளிப்பட்டு நெசவாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கிராக்கியின் அட்டையை மாட்டிக்கொண்டார்.

கடைசியில் சுகுமாரே பஸ் பிடித்து வந்தான். ஃபைலைத் திறந்தவன் என் வரியின் தலையில் விரலை வைத்தான்.

"இன்னாணா இது, லைனுக்கு முன்னாடி ஒரு ரெண்டு?"

"ரெண்டு இல்லபா, புள்ளையார் சுழி. அதுல 'உ' வரல. அதே ஜாடையில இருந்தத போட்டேன்."

"ஒரு வாரமா போன்ல கத்திகினு இருக்கேன். ஒரு வார்த்த சொல்லலியே."

"நீ கேக்கலியே."

"யாருணா இத கேப்பாங்க?"

வரியின் முதல் சொல்லைத்தான் கம்ப்யூட்டர் தேடுமாம். 'ரெண்டு' என்று அங்கே யாரும் இல்லாததால், பின்னால் இருந்த பாத்தைத் தொடாமலே திரும்பிவிட்டதாம். நான் சொல்லாமல் விட்ட மேல் வரி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததாம். ஒவ்வொரு தடவை அழித்து எழுதியபோதும் நான் விடாமல் சுழி போட்டிருக்கிறேன். அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. சுகுமாரே அழித்தான். புரோகிராம் உடனே வந்து நின்றது.

கல்யாணத்துக்குள் புடவை வரவில்லை. அட்டை அடிப்பவன் மகள் கடையில் வாங்கிய புடவையில் தாலி கட்டிக்கொண்டாள். அன்னப் பார்டர் மறுவீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. அதிலிருந்து மிக்ஸி ஓடாவிட்டாலும், மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும் எங்கள் இரண்டு வீட்டிலும் கேட்பது ஒரே கேள்விதான்.

போன மாசம் என் காது மெஷின் வேலை செய்யவில்லை. பேட்டரியைக்கூடப் பார்க்காமல் ரேவதி கேட்டாள்: "அப்பா, புள்ளையார எடுத்துட்டியா?"

நான் மெஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கேட்டாள். முதல் தடவையே விழுந்துவிட்டது.